முந்நூறு டாலரில் துப்பாக்கிப் பயிற்சி: டெக்சஸில் எது தேறும்?

ஹூஸ்டன் புறநகரில் இருக்கும் நண்பர் ஒருவர் ஐந்நூறு டாலருக்கு 9 மி.மீ. கைத்துப்பாக்கி வாங்கினார். கூடவே ஐம்பது தோட்டா உள்ள பெட்டி ஒன்று. இரண்டையும் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் வைத்து எட்டு மாதம் ஆகிறது. "பயிற்சிக்குப் போக வேண்டும் அண்ணா, விசாரித்த இடத்திலெல்லாம் துப்பாக்கி வாங்கிய அளவுக்குக் கட்டணம் கேட்கிறார்கள். முந்நூறு டாலருக்குள் ஏதாவது உண்டா?" என்றார் போன வாரம்.

உண்டு. நானும் இதே கேள்வியோடு அலைந்து, கொஞ்சம் பணத்தைத் தண்டமாகக் கட்டியவன். அதனால் ஒவ்வொன்றையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒரு கேள்வி. கையில் கிரீன் கார்டு இருக்கிறதா? எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ கைவசம் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. சுடுதளத்தில் அரைமணி நேரம் வாடகைக்கு எடுப்பதும் கைவசம் வைத்திருப்பதுதான். அலுவலக நண்பர்களோடு விளையாட்டாகப் போய்ச் சுட்டுவிட்டு வருகிற நம் பிள்ளைகள் பலருக்கு இது தெரியாது. சட்டத்திலேயே சில விலக்குகள் உண்டு; அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் அவற்றில் முக்கியமானது. அந்த வழியில் போகிறவர்கள் குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவது நல்லது. கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. நண்பரிடம் இருக்கிறது.

அடுத்தது தோட்டாக் கணக்கு. வகுப்புக் கட்டணத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுகிற இடம் இதுதான். சாதாரணப் பயிற்சித் தோட்டா 9 மி.மீ.யில் ஒன்று ஏறக்குறைய 25 முதல் 30 சென்ட். முந்நூறு தோட்டா கேட்கும் ஒருநாள் வகுப்பு என்றால், கட்டணத்துக்கு மேல் இன்னும் எண்பது, தொண்ணூறு டாலர் தோட்டாவுக்கே போகும். அதைவிடச் சிறிய .22 காலிபர் தோட்டா பத்து சென்ட்டுக்குள் கிடைக்கிறது. ஆகவே நான் ஒவ்வொரு வாய்ப்பையும் ஒரே அளவுகோலால்தான் பார்க்கிறேன்: செலவாகும் ஒவ்வொரு தோட்டாவும் எதையாவது கற்றுத் தருகிறதா?

பெரும்பாலோர் முதலில் போய் நிற்பது மாநில உரிம வகுப்பில். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள, 21 வயது நிரம்பியவர்கள் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடலாம். உரிமம் இப்போது கட்டாயம் இல்லை, விருப்பம். மாநிலக் கட்டணம் 40 டாலர். வகுப்புக்கு ஐம்பது முதல் நூறு வரை. நான்கு முதல் ஆறு மணி நேரம் சட்டம், தகராறைத் தவிர்ப்பது, குழந்தைகள் கையில் படாமல் வைப்பது ஆகியவற்றைச் சொல்லித் தருகிறார்கள். பிறகு சுடும் தேர்வு: 3 கஜத்தில் இருபது, 7 கஜத்தில் இருபது, 15 கஜத்தில் பத்து தோட்டா. மொத்தம் 250 புள்ளி. 175 எடுத்தால் தேர்ச்சி. ஆளுயர உருவத்தை மூன்று கஜத்தில் தவறவிடுவதற்குத் தனித் திறமை வேண்டும்.

இந்த வகுப்பில் யாரும் சுடக் கற்றுக்கொள்வதில்லை. நான் போன வகுப்பில் பயிற்றுநர் தம் பழைய வீரக்கதைகளுக்கே முக்கால் மணி நேரத்தைக் கொடுத்தார். என் பிடி தவறு என்று சொல்ல அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆனாலும் போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். எப்போது உயிர் போகும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்தலாம், எப்போது கூடாது என்பதை இவ்வளவு மலிவாக வேறெங்கும் உட்கார்ந்து கேட்க முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. பள்ளி எல்லையிலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கொண்டு செல்வதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. பள்ளி இருக்கும் மாநிலத்தின் உரிமம் உள்ளவருக்கு அதிலிருந்து விலக்கு. காலையில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடும் தகப்பனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, சுடக் கற்பது எங்கே? இங்கே உண்மையான போட்டி இரண்டுக்கு நடுவில்: தேசிய ரைஃபிள் சங்கத்தின் அடிப்படைக் கைத்துப்பாக்கி வகுப்பு போன்ற குழு வகுப்பு ஒரு பக்கம், உள்ளூர் சுடுதளத்தில் தனி ஆசிரியரிடம் மணிக்கணக்கில் கற்பது மறு பக்கம். குழு வகுப்பு ஒரு நாளை விழுங்கும். பாதுகாப்பு விதிகள், துப்பாக்கியின் உறுப்புகள், தோட்டா வகைகள் என்று ஒழுங்காகப் போகும். பத்துப் பேர் இருந்தால் உங்கள் கையைப் பார்க்க ஆசிரியருக்குப் பத்தில் ஒரு பங்கு நேரம். தனி ஆசிரியர் மணிக்கு எழுபது டாலரை ஒட்டிக் கேட்பார். கேட்கும்போது அதிகம் போலத் தெரியும். எனக்கு நூறு குழு வகுப்பை விட அந்த ஒரு மணி நேரம் பெரிது.

ஏன் என்று சொல்கிறேன். என் தோட்டாக்கள் எல்லாம் குறிக்குக் கீழே இடப்பக்கம் போய் விழுந்துகொண்டிருந்தன. துப்பாக்கியில்தான் கோளாறு என்று முடிவு கட்டியிருந்தேன். ஆசிரியர் எதுவும் சொல்லாமல் மேகசினை (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியில் செருகும் கூட்டை) வாங்கி, எனக்குக் காட்டாமல் நடுநடுவே போலித் தோட்டாக்களைச் சேர்த்துக் கொடுத்தார். இரண்டு வெடித்தன. மூன்றாவது போலி. டிரிக்கர் 'க்ளிக்' என்றது. வெடிக்காத துப்பாக்கியின் முனை என் கையில் இரண்டு அங்குலம் கீழே குத்தியது. வெடிச்சத்தத்துக்கு முன்பே உடம்பு பயந்து துப்பாக்கியைத் தள்ளுகிறது என்பதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதன்பின் கையில் .22 காலிபரைக் கொடுத்தார். உதைப்பு மிகக் குறைவு, சத்தம் குறைவு, தோட்டா மலிவு. நாற்பது தோட்டாவில் அந்தப் பயம் பாதி கரைந்தது. போலித் தோட்டாக்கள் பதினைந்து டாலருக்கே கிடைக்கும்.

மலிவில் மலிவு என்று பார்த்தால் இன்னும் இரண்டு உண்டு. டெக்சஸ் வேட்டைக் கல்வி வகுப்பு ஏறக்குறைய 15 டாலர். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதன் பின்னரோ பிறந்தவர்களுக்கு வேட்டையாட அது அவசியம். தற்காப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துப்பாக்கியைக் கையில் பிடிக்கும் ஒழுக்கத்துக்கு உண்டு. 2006 முதல் நாடெங்கும் நடக்கும் ஆப்பிள்சீட் முகாமில் வார இறுதி இரண்டு நாளும் .22 ரைஃபிள் சுடப் பழக்குகிறார்கள். இடையிடையே 1775 ஏப்ரல் 19 அன்று லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் அமெரிக்க விடுதலைப் போர் தொடங்கிய கதையையும் சொல்கிறார்கள். கட்டணம் நூறு டாலரை ஒட்டித்தான். சொல்லித் தருபவர்கள் தன்னார்வலர்கள். கொடுத்த காசுக்கு இவ்வளவு கற்றுத் தரும் இடம் அரிது. ஆனால் நண்பர் வாங்கியிருப்பது கைத்துப்பாக்கி.

தற்காப்பு வகுப்பு என்ற பெயரிலேயே விற்கப்படுவது வேறொன்று. இடுப்பு உறையிலிருந்து உருவுவது, நகர்ந்துகொண்டே சுடுவது, சிக்கிய தோட்டாவை நீக்குவது எல்லாம் அங்கே. நாளுக்கு நூற்றைம்பது முதல் இருநூற்றைம்பது டாலர். தோட்டா, நல்ல உறை, மூன்று மேகசின் தனி. இந்த வகைப் பயிற்சியின் தாய்வீடு அரிசோனாவில் பால்டன் அருகே இருக்கும் கன்சைட் என்ற பயிற்சிப் பள்ளி. 1976இல் ஜெஃப் கூப்பர் என்ற பயிற்றுநர் தொடங்கியது. நான்கு விதிகளைக் கேளுங்கள். எல்லாத் துப்பாக்கியும் தோட்டா நிரப்பியதே என்று கொள். அழிக்க விரும்பாத எதன் மேலும் முனையைத் திருப்பாதே. குறி பார்க்கும்வரை டிரிக்கரில் விரல் வைக்காதே. இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். இன்று எல்லாச் சுடுதளச் சுவரிலும் ஏதோ ஒரு வடிவில் தொங்கும் இந்த நான்கு விதிகள் அவரோடு சேர்த்தே அறியப்படுகின்றன. அங்கே ஐந்து நாள் வகுப்புக்குத் தோட்டா மட்டுமே ஆயிரம் வேண்டும். நம் முந்நூறு டாலர் தோட்டாவுக்கே சரியாகிவிடும்.

எதிர்முனையில் நெவாடாவின் ஃப்ரன்ட் சைட் என்ற பயிற்சி நிறுவனம். வாழ்நாள் உறுப்பினர் ஆனால் எத்தனை முறை வேண்டுமானாலும் வரலாம் என்று விற்றார்கள், ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். 2022இல் நிறுவனம் திவால் மனு கொடுத்தது, இடம் கைமாறியது, பழைய வாழ்நாள் உறுப்பினர் அட்டைகள் செல்லாக்காசாயின. பயிற்சி மோசம் என்று போனவர்களே சொல்வதில்லை. ஆனால் வருங்காலப் பயிற்சிக்கு இன்றே மொத்தமாகப் பணம் கட்டச் சொல்லும் எவரிடமும் நான் பர்ஸைத் திறப்பதில்லை.

தொடக்கக்காரர் ஒருநாள் தற்காப்பு வகுப்புக்குப் போனால் என்ன ஆகும்? முந்நூறு தோட்டாவும் கீழே இடப்பக்கம் போய் விழும். அவ்வளவுதான். அடிப்படை கைக்கு வந்தபின் அதே வகுப்பு பொன்னாகத் தெரியும்.

அதுவரை அந்த இடத்தை நிரப்பக் கூடியது, பலரும் பயந்து ஒதுங்குகிற ஒன்று: ஐ.டி.பி.ஏ. போட்டி. 1996இல் தொடங்கிய தற்காப்புத் துப்பாக்கி விளையாட்டு. உள்ளூர் மன்றங்கள் மாதந்தோறும் நடத்துகின்றன. நுழைவுக் கட்டணம் இருபது முப்பது டாலர், நூறு, நூற்றைம்பது தோட்டா. மறைவிடத்துக்குப் பின்னிருந்து, எந்த இலக்கைச் சுடக்கூடாது என்று பார்த்துச் சுட வேண்டும். எடுத்த நேரத்தோடு தவறுகளுக்கான விநாடிகளையும் கூட்டுவார்கள். இது வகுப்பு இல்லை, யாரும் உங்களைத் திருத்தமாட்டார்கள். ஆனால் கடிகாரம் ஓடும்போது நம் மூளை எப்படி உறைந்துபோகிறது என்பதை முப்பது டாலருக்கு வேறு எவரும் காட்டமாட்டார்கள். என் முதல் போட்டியில் கடைசிக்கு முந்தைய இடம். கடைசியில் வந்தவரின் துப்பாக்கி பழுதாகியிருந்தது.

பைசாச் செலவில்லாத பயிற்சி வீட்டிலேயே இருக்கிறது: தோட்டா இல்லாமல் குறி பார்த்து டிரிக்கரை இழுத்துப் பழகுவது. தினம் பத்து நிமிடம் போதும். தோட்டா எல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும். அறைக்குள் ஒன்றுகூடக் கூடாது. மருந்தறையை, அதாவது துப்பாக்கிக்குள் தோட்டா போய் உட்காரும் இடத்தை, கண்ணாலும் விரலாலும் இருமுறை பார்க்க வேண்டும். முனை திரும்பும் திசை முக்கியம். நம் ஊர்ச் செங்கல் சுவர் இல்லை இது. இந்த நாட்டு வீடுகளின் ஜிப்சம் அட்டைச் சுவர் எந்தத் தோட்டாவையும் நிறுத்தாது. பயிற்சி முடிந்து தோட்டா நிரப்பியபின் 'இன்னும் ஒரே ஒரு தடவை' என்று தோன்றும் நேரம்தான் அபாயமானது. .22 வகைத் துப்பாக்கிகள் பலவற்றில் வெறும் மருந்தறையோடு டிரிக்கரை இழுத்தால் தோட்டாவைத் தட்டும் ஊசி கெடும். அதற்குப் போலித் தோட்டா வேண்டும்.

நண்பருக்கு எழுதிக் கொடுத்த கணக்கு இது. தனி ஆசிரியரிடம் இரண்டு மணி நேரம் 140, சுடுதளக் கட்டணமும் .22 வாடகையும் 30. இரண்டு வகையிலும் நூறு நூறு தோட்டா 40. உரிம வகுப்பு 65 (மாநிலக் கட்டணம் 40 தனி). போலித் தோட்டா 15. மொத்தம் 290. மீதிப் பத்தில் காதடைப்பான். உரிமத் தேர்வுக்கு வேண்டிய ஐம்பது தோட்டா அவர் அலமாரியிலேயே இருக்கிறது. ஆறு மாதம் கழித்து ஒரு போட்டி. கை வந்தபின் ஒருநாள் தற்காப்பு வகுப்பு. இடையில் வாய்ப்புக் கிடைத்தால், இரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுத் தரும் இலவச முதலுதவி வகுப்பு ஒன்று. சுடுவதைக் காட்டிலும் வாழ்க்கையில் பயன்படும் வாய்ப்பு அதற்கே அதிகம்.

"முதல் நாள் என் துப்பாக்கியைக் கொண்டுவரட்டுமா?" என்றார்.

"வேண்டாம் தம்பி. இரும்புப் பெட்டி ஒன்று வாங்கி, அதில் பூட்டிவிட்டு வாருங்கள்." அது கணக்கில் சேராத செலவு என்று முனகினார். அவர் மகளுக்கு ஒன்பது வயது. பதினேழுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையின் கைக்கு எட்டும்படி நிரப்பிய துப்பாக்கியை விட்டுவைப்பது டெக்சஸில் குற்றம். "மேல்தட்டு அவளுக்கு எட்டாது அண்ணா" என்றார். அந்த அறையில் நாற்காலி இருக்கிறதா என்று கேட்டேன். சனிக்கிழமை பெட்டியோடு வந்தார்.