தொட்டி கழுவிய நாளில் கிடைத்த ரிவெர்ப்

"அந்தக் கன்வல்யூஷன் ரிவெர்ப் பாதி விலைக்கு வந்திருக்கிறதே, வாங்கலாமா?" என்று நேற்று நண்பர் கேட்டார். உண்மையான ஓர் இடத்தின் முழக்கத்தைப் பதிவு செய்த கோப்பை ஏற்றினால், நம் கிதாரை அந்த இடத்தில் வாசித்தது போல ஒலிக்க வைக்கும் மென்பொருள் அது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு முழு விலை கொடுத்து வாங்கியவனிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? வயிறு எரிகிறது. கீழே வருவதைப் படிக்கும்போது அந்த எரிச்சலைக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய புதிதில் எல்லோரையும் போல நானும் இருப்பதிலேயே பெரிய இடத்தைத் தேடி அலைந்தேன். இப்படிப்பட்ட இடப் பதிவுகளைச் சேர்த்து வைத்திருக்கும் யார்க் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஏர் தொகுப்பில் ஸ்காட்லாந்தின் ஹாமில்டன் கல்லறை மாளிகை இருக்கிறது. அங்கே ஒரு சத்தம் எழுந்தால் அடங்கச் சுமார் 15 வினாடி ஆகும். வழிபாட்டுக்கு நினைத்த கூடம். முழக்கம் தாங்காமல் அந்த எண்ணத்தையே கைவிட்டார்களாம். பிரசங்கம் செய்ய முடியாத இடத்தில் நான் ஜி கார்டிலிருந்து சி கார்டுக்குப் போகப் பார்த்தேன். முதல் கார்டு எழுந்து போவதற்குள் நான்காவது வந்து உட்கார்ந்துவிட்டது. எல்லாம் சேர்ந்து ஒரே கூழ்.

கிதாருக்கு இவ்வளவு பெரிய இடம் வேண்டியதில்லை என்று புரிய ஆறு மாதம் பிடித்தது. புரிந்த நேரத்தில்தான் எங்கள் குடியிருப்பில் நிலத்தடித் தொட்டியைக் கழுவினார்கள்.

கழுவி முடித்து, தண்ணீர் லாரி வருவதற்கு முன் ஒரு மணி நேர இடைவெளி. நான் உள்ளே இறங்கவில்லை. ஒரு சிறிய ஸ்பீக்கரையும் மைக்கையும் கயிறு கட்டி இறக்கி, வயர் போகும் அளவுக்கு மட்டும் இடம் விட்டு இரும்பு மூடியைச் சாத்தினேன். ஸ்பீக்கரில் ஓடியது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை 20 வினாடிகளில் ஏறும் ஸ்வீப், அதாவது அடியிலிருந்து உச்சம் வரை வழுக்கி ஏறும் ஒற்றை ஒலி. அதை மைக் கேட்டதிலிருந்துதான் தொட்டியின் முழக்கத்தைக் கணக்கிட்டு எடுக்க வேண்டும். கழுவ வந்தவர், "சார், உள்ளே பூனை ஏதும் மாட்டிக்கொண்டதா?" என்று கேட்டார்.

முதல் பதிவை வீட்டில் ரிவெர்ப்பில் ஏற்றிக் கிதார் வாசித்துக் கேட்டால், ஒவ்வொரு சுரத்தின் பின்னாலும் மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு ஒரு சீழ்க்கை. ஸ்வீப் ஓடும்போது யாரோ மூடியின் மேல் கால் வைத்துக் கடந்திருக்கிறார். ஏறிப்போகும் ஸ்வீப்பைக் கணக்குப் போட்டு ஒரு நொடிக்குள் சுருக்கும்போது, நடுவில் விழுந்த "ணங்" ஒன்று இறங்கும் ஸ்வீப்பாக விரிந்துவிடும். நல்லவேளையாக லாரி தாமதமாகத்தான் வந்தது. ஓடிப்போய் மறுபடி எடுத்தேன்.

அந்த இரண்டாவது பதிவைத்தான் இன்றுவரை பயன்படுத்துகிறேன். ஈரச் சிமெண்டுச் சுவரின் கார்வை, கிதாரை விழுங்காமல் அதன் பின்னால் போய் நிற்கிறது. ஸ்பீக்கர் மட்டமானதுதான், அதன் குறையும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. ஆனால் கிதார் கேபினெட், அதாவது கிதாருக்கான ஸ்பீக்கர் பெட்டி, எப்படியும் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் பெரும்பாலானதை வெட்டிவிடுவதால் உச்சத்தில் உள்ள குறை காதில் படுவதேயில்லை. ஒரே தொல்லை ஐந்தாம் தந்தி. அதைத் திறந்து மீட்டினால் தொட்டி முழுவதும் உறுமுகிறது. அந்தத் தந்தி 110 ஹெர்ட்ஸ்; தொட்டியின் ஆழம் ஐந்தடி இரண்டங்குலம். அந்த அலையின் பாதி நீளமும் ஏறக்குறைய அதுவே. தொட்டி கட்டிய கொத்தனார் எனக்கென்றே அளந்து கட்டியது போல. ஈக்வலைசரில் அந்த ஒரு இடத்தை மட்டும் ஆறு டெசிபல் குறைத்து வைத்திருக்கிறேன்.

இனி என் தீராத எரிச்சல். இந்த ரிவெர்ப் அசைவதே இல்லை. உண்மையான இடத்தில் வாசிக்கும்போது நான் திரும்புகிறேன், சாய்கிறேன், ஒலி வேறு சுவரில் படுகிறது. பதிவிலோ ஸ்பீக்கரும் மைக்கும் அன்று தொங்கிய இடத்திலேயே என்றைக்கும் தொங்கிக்கொண்டிருக்கின்றன. மெதுவாக நகரும் தனி வரிகளில், நீண்ட கார்வைகளில், இது செத்த படம் போலத் தெரிகிறது. லேசாக மாடுலேஷன் (ஒலியை மெல்ல அலைய விடுவது) கலந்த சாதாரண டிஜிட்டல் ரிவெர்ப் பெடல், காலால் அழுத்தும் சிறு பெட்டி, எந்த இடத்தையும் சாராத வெறும் கணக்கு, அங்கே உயிரோடு கேட்கிறது. மூன்று ஆண்டுகளாக இதை ஏற்க மறுத்துச் சண்டை போட்டுத் தோற்றிருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே தொட்டிக் கோப்பை, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளோடு சேர்ந்தே வரும் ரியாவெர்ப் என்ற கன்வல்யூஷன் ரிவெர்பில் ஏற்றிக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டால் எது நான் விலை கொடுத்து வாங்கியது, எது ரியாவெர்ப் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முடியவும் கூடாது, கோப்பு ஒன்றென்றால் பெருக்கலும் கூட்டலும் ஒன்றுதானே. பணம் போனது நான் வாங்கியதோடு வந்த இசையரங்குப் பதிவுகளுக்கு. அவற்றில் நான் திரும்பத் திறப்பது இரண்டைத்தான், அதுவும் வீட்டுக்கு விருந்தாளி வந்தால்.

ஆகவே வாங்க வேண்டாம் என்று நண்பருக்குப் பதில் அனுப்பினேன். பாதி விலையிலும் வேண்டாம்; அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல பெடல் வாங்குங்கள் என்றேன். அனுப்பிய கையோடு குடியிருப்புச் சங்கச் செயலாளரைத் தொலைபேசியில் அழைத்து, அடுத்து தொட்டி கழுவும் தேதி எது என்று கேட்டேன். இந்த முறை இரண்டு மைக் இறக்க வேண்டும்.