ஸ்லோவில் நின்றுவிடும் பழைய இன்ஜின்: திருகைத் திருப்புவதா, பைப்பைப் பார்ப்பதா, பம்பைக் கழற்றுவதா?

இழுவலையோடு மணிக்கணக்கில் முழு வேகத்தில் ஓடிய விசைப்படகு இன்ஜின், துறைமுகத்துக்குள் வந்து வேகத்தைக் குறைத்ததும் இரண்டு முறை குலுங்கி நின்றுவிடுகிறது. பக்கத்துப் படகின்மேல் இடிக்கும் தூரத்தில் இப்படி நிற்பதைவிட நடுக்கடலில் நிற்பதே மேல் என்று படகுக்காரர்கள் சொல்வது மிகையில்லை. லாரி இன்ஜினைக் கடலுக்கு ஏற்ப மாற்றிய பழைய ஆறு சிலிண்டர் டீசல்களில் இந்தக் கோளாறு சகஜம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருப்பதால், எந்த வேலையைச் செய்வது என்ற கேள்வியும் அந்த நாட்களில்தான் எழுகிறது. பொதுவாகச் சொல்லப்படும் வைத்தியங்கள் மூன்று: ஸ்லோ திருகை (ஆக்சிலரேட்டர் கொடுக்காதபோது இன்ஜின் ஓடும் குறைந்த வேகமான ‘ஸ்லோ’வை நிர்ணயிக்கும் திருகு) ஏற்றிவைப்பது, டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள டீசல் வழியைச் சரிசெய்வது, டீசலை அழுத்தி அனுப்பும் டீசல் பம்பையும், அதைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் நாசில்களையும் கழற்றிக் கடைக்கு அனுப்புவது.

மூன்றையும் ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். நியூட்ரலில் சீராக ஓடி, கியர் போட்ட மறுகணம் நிற்கும் இன்ஜினுக்கு இம்மூன்றுமே மருந்தல்ல. அங்கே குற்றவாளி சுமைதான்: ப்ரொப்பெல்லரில் சுற்றிய வலைக்கயிறு, அளவுக்கு மீறி முறுக்கிய ஸ்டஃபிங் பாக்ஸ் (ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் அடைப்பு), நேர்கோட்டிலிருந்து விலகிய ஷாஃப்ட். இன்ஜினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஷாஃப்டின் நேர்த்தியைக் கரையேற்றிய படகில் அளந்து முடித்துவிடக் கூடாது. தண்ணீரில் இறங்கியதும் படகின் உடல் சற்று வளைந்துகொடுக்கும் என்பதால், மிதக்கும் நிலையில்தான் கடைசி அளவு எடுக்க வேண்டும். கியர்பாக்ஸையும் ஷாஃப்டையும் சேர்க்கும் இணைப்புத் தட்டுகளுக்கு இடையிலான இடைவெளியின் வேறுபாடு, விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாமலிருந்தால் போதுமானது.

நியூட்ரலிலேயே நிற்கும் இன்ஜினுக்கு முதலில் கைவைக்கப்படுவது ஸ்லோ திருகுதான். ஐந்து நிமிட வேலை, செலவும் இல்லை. நிமிடத்துக்கு 600 சுற்றில் அணைந்துவிடும் இன்ஜின் 800இல் அணையாமல் ஓடும், உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் கியர் போடும்போது கேட்கும் ‘டங்’ என்ற சத்தத்துக்கான விலையைக் கியர்பாக்ஸின் கிளட்ச் தட்டுகள் கொடுக்கின்றன. படகும் மெதுவாக நகர வேண்டிய இடத்தில் முந்திக்கொண்டு பாய்கிறது. கேபிள் தளர்ந்தோ திருகு தானாக நழுவியோ ஸ்லோ இறங்கியிருந்தால் மட்டுமே இது சரியான வைத்தியம். மற்ற நேரங்களில் நோயை மூடிவைக்கும் போர்வை.

அடுத்ததாகப் பழக்கதோஷத்தில் ஃபில்டரை மாற்றுகிறார்கள். மாற்றுவதில் தவறில்லை, ஆனால் அடைத்த ஃபில்டர் முதலில் தன் வேலையைக் காட்டுவது டீசல் அதிகம் தேவைப்படும் முழு வேகத்தில்தான். முழு வேகத்தில் நன்றாக இழுத்து, ஸ்லோவில் மட்டும் நிற்கும் இன்ஜினில் காற்று நுழைவதையே நான் முதலில் சந்தேகிப்பேன். டேங்குக்கும், அங்கிருந்து டீசலை இழுத்து டீசல் பம்புக்குத் தரும் ஃபீட் பம்புக்கும் இடையிலுள்ள பைப் உறிஞ்சப்படும் பக்கம் என்பதால், அங்குள்ள ஓட்டை வழியே டீசல் வெளியே சொட்டாமலே காற்று உள்ளே போய்விடும். ஸ்லோவில் ஒவ்வொரு முறையும் பீய்ச்சப்படும் டீசலின் அளவு மிகச் சிறியது என்பதால், சிறு குமிழியே அந்த முறையைக் கெடுக்கப் போதுமானது. பழைய செம்பு வாஷரைத் திருப்பிப் போட்டு இறுக்குவது இங்கே அடிக்கடி காணும் தவறு. புதியது போட வேண்டும், அல்லது சிவக்கக் காய்ச்சி இளக்கிய பிறகு போட வேண்டும். பாதி டேங்கோடு இரண்டு மாதம் கட்டிக்கிடந்த படகில் அடியில் தண்ணீரும் கறுப்புக் கசடும் சேர்ந்திருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பம்பும் நாசிலும் செலவு மிகுந்த வழி. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் ஸ்லோ ஸ்பிரிங் தளர்வதும், நெடுநாள் ஓடாத பம்பில் டீசல் அளவை மாற்றும் ரேக் என்ற தண்டு பிசினேறி ஒட்டிக்கொள்வதும் இன்ஜின் சத்தத்தை ஏற்றியிறக்கி, கடைசியில் அணைத்துவிடும். சொட்டும் நாசில், ஸ்லோவில் மிஸ்ஸிங்கையும் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டுவிட்டு ஓடுவது) வெண்புகையையும் காட்டும். ஒவ்வொரு நாசில் பைப்பின் நட்டையும் துணி சுற்றி ஒன்றன்பின் ஒன்றாகச் சற்றுத் தளர்த்தினால், எந்தச் சிலிண்டரில் சத்தம் மாறவில்லையோ அதுவே சோம்பேறி. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது என்பதால் வெறும் விரலை அருகில் கொண்டுபோகக் கூடாது.

இரண்டாவது வழிக்கும் மூன்றாவது வழிக்கும் இடையே தீர்ப்புச் சொல்வது ஒரு 5 லிட்டர் கேன். சுத்தமான டீசலை நிரப்பி இன்ஜினுக்கு மேலே இரண்டடி உயரத்தில் கட்டி, டேங்க் பைப்பைக் கழற்றிவிட்டுக் கேனிலிருந்து ஃபீட் பம்புக்கு நேராக ஹோஸ் கொடுத்து, மிச்ச டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் பைப்பையும் கேனுக்குள்ளேயே விட்டு, வழியில் தங்கிய காற்றை வெளியேற்றிய பின் அரை மணி நேரம் ஸ்லோவில் ஓட விட வேண்டும். நிற்காமல் ஓடினால் பம்பைத் தொடத் தேவையில்லை. கோளாறு டேங்க் பக்கம். கேனிலும் நின்றால் மட்டுமே பம்ப் கடைக்குப் போகலாம், அதுவும் மிச்ச டீசலை ரிட்டர்ன் பைப்புக்கு விடும் ஓவர்ஃப்ளோ வால்வின் ஸ்பிரிங்கைப் பார்த்த பிறகு.

பம்ப், நாசில் எல்லாம் சரியாகி வந்தும் நிற்கிறதென்றால் மிச்சமிருப்பது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு. பிஸ்டன் மெதுவாக ஏறும்போது தேய்ந்த ரிங் வழியாகக் காற்று கசியவும் சூடு சுவருக்குப் போகவும் நேரம் கிடைப்பதால், டீசலைப் பற்றவைக்கும் வெப்பம் ஸ்லோவில்தான் முதலில் குறைகிறது. அப்போது இன்ஜினை இறக்கிப் பிரிப்பதைப் பற்றிப் பேசலாம், அதற்கு முன்பல்ல.