பிரேக் டிஸ்க் மாற்றணும் என்று போன் வந்தால் உடனே பணம் அனுப்பாதீர்கள் (18,400 ரூபாய் போன ஆத்திரத்தில் எழுதுகிறேன்)

18,400 ரூபாய். பில்லில் மொத்தம் நான்கு வரி. முன் பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு) ஒரு ஜோடி 7,200. பேட் (டிஸ்க்கை அழுத்திப் பிடித்து நிறுத்தும் கட்டை) செட் 3,400. காலிப்பர் (பேடை டிஸ்க்கோடு அமுக்கும் பாகம்) ஓவர்ஹால் 4,800. லேபர் 3,000. இதில் அந்த மூன்றாவது வரி பச்சைப் பொய். நேற்று சக்கரத்தைக் கழற்றிக் காட்டியபோது என் கண்ணாலேயே பார்த்துவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை. அடுத்த ஆளாவது தப்பட்டும் என்றுதான் இதைப் போடுகிறேன்.

புகார் கொடுத்திருப்பதால் அந்த கார் சர்வீஸ் ஆப்பின் பெயர் போடவில்லை. மொபைல் ஆப்பில் புக் செய்தால் வீட்டு வாசலுக்கே ஆள் வந்து வண்டியை எடுத்துப்போவார்கள். எல்லா கம்பெனி காரும் பார்க்கும் ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் விடுவார்கள். சாயங்காலம் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அந்த வகை இடம்.

அம்மாவின் கண் சிகிச்சைக்காக சேலத்திலிருந்து கோவைக்கு அடிக்கடி போய்வர வேண்டியிருக்கிறது. வைகுந்தம் டோல்கேட் நெருங்கும்போது தொண்ணூறில் வரும் வண்டிக்கு லேசாக பிரேக் அமுக்கினால் போதும், ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் உதறும். பெடல் பாதத்துக்கு அடியில் துடிக்கும். காலை எடுத்தால் நின்றுவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா ஒவ்வொரு தடவையும் கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொள்வார். அந்தப் பயத்தில்தான் புக் செய்தேன்.

மதியம் வீடியோ காலில் வந்தான் அந்த சர்வீஸ் அட்வைசர். இருபத்தைந்து வயது இருக்கும், பணிவான பையன். கழற்றிய டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்துக் காட்டினான். "பாருங்கக்கா, எவ்ளோ பள்ளம். டிஸ்க்கே வளைஞ்சிருச்சு. காலிப்பரும் ஜாம். அம்மாவ உட்கார வச்சு ஓட்டுறீங்க, பிரேக் விஷயத்துல மட்டும் யோசிக்காதீங்க. எங்க சொந்த அக்கா வண்டியா இருந்தாலும் இதைத்தான் செய்வேன்." அந்த வார்த்தை போதுமாக இருந்தது. அவன் போனை வைப்பதற்குள் 18,400 ரூபாய் போய்ச் சேர்ந்துவிட்டது. இரவு வண்டியைக் கொண்டுவந்து விட்டவனுக்கு டீ போட்டுக் கொடுத்தார் அம்மா. "ஆப்ல ரேட்டிங் மட்டும் போட்டுருங்க மேடம்" என்று நின்றான். ஐந்து ஸ்டார் போட்டேன்.

வண்டியில் அதிர்வே இல்லை. ஏமாற்று வேலை பிழைப்பதே இந்த இடத்தில்தான், தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். புது டிஸ்க் போட்டால் எந்த வண்டியும் கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடும். அதிர்வை உண்டாக்கிய காரணத்தைத் தொடாமல் விட்டால் சில ஆயிரம் கிலோமீட்டரில் திரும்ப வந்துவிடும். அதற்குள் அவர்கள் கைகழுவிவிடலாம். எனக்கும் அப்படியே வந்தது. அதே டோல்கேட், அதே உதறல்.

போன் செய்தேன். "புது டிஸ்க் மேடம், செட் ஆகட்டும், இன்னும் ஐநூறு கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். மறுபடி போன். "வீல் பேலன்சிங் பண்ணிப் பாருங்க." பேலன்சிங் கோளாறு என்றால் பிரேக்கில் கால் வைக்காமல் போகும்போதும் வண்டி ஆடும், எனக்கு பிரேக் அமுக்கும்போது மட்டும்தான் ஆடுகிறது என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "வீட்டுல சார் இருந்தா பேசச் சொல்லுங்க மேடம்." பணம் அனுப்பும்போது சார் தேவைப்படவில்லை. புகார் சொன்னால் மட்டும் சார் வரணுமா?

"எங்க அக்கா" என்று சொன்ன பையன் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. ஒர்க்‌ஷாப்பைக் கேட்டால் வாரண்டி ஆப்காரர்களோடது என்கிறார்கள். ஆப்பைக் கேட்டால் நாங்கள் இடையில் இணைத்து விடுபவர்கள் மட்டும்தான், வேலைக்கு ஒர்க்‌ஷாப்தான் பொறுப்பு என்கிறார்கள். சாட்டில் ஒருவர் "சமீபத்தில் மலைப்பாதையில் போனீர்களா?" என்று கேட்டார். ஏற்காடு போனேன் என்று உண்மையைச் சொன்னேன். உடனே பதில்: ஓட்டும் முறையால் ஏற்பட்ட தேய்மானம், வாரண்டியில் வராது. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கினால் புது டிஸ்க் போய்விடும் என்றால் ஏற்காட்டுக்காரர்கள் எப்படி வண்டி வைத்திருக்கிறார்கள்? கடைசியில் அடுத்த சர்வீஸுக்கு 300 ரூபாய் கூப்பன் அனுப்பிவிட்டு, "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டார்கள். 18,400 ரூபாய்க்கு 300 ரூபாய் கூப்பன். அதையும் அவர்களிடமே போய்ச் செலவழிக்க வேண்டுமாம்.

தெரிந்தவர் சொல்லித்தான் நேற்று சங்ககிரிக்குப் போனேன். லாரிக்கார ஊர், பிரேக் பார்த்தே தலை நரைத்த மனிதர்கள் இருக்கிறார்கள். அங்கே ஒரு பட்டறை. பெரியவர் முதலில் வீல் நட்டைக் கழற்றப் பார்த்தார். ஒன்று அசையவே மாட்டேன் என்றது, பக்கத்திலேயே இன்னொன்று லேசாகக் கழன்றது. "கன்னை வச்சு அடிச்சு விட்டிருக்காங்கம்மா" என்றார், நட்டு முறுக்கும் மெஷினைத்தான் சொல்கிறார். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் நூறு நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இறுக்கணும், அதையும் எதிரெதிர் நட்டாக, டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் ஸ்பேனர்) வைத்து. ஒன்று கூடுதல், ஒன்று குறைவு என்று இறுக்கினால் டிஸ்க் நேராக உட்காராது.

டிஸ்க்கைக் கழற்றியதும் ஹப்பின் (டிஸ்க்கும் சக்கரமும் உட்காரும் பாகம்) முகத்தைக் காட்டினார். பொருக்குப் பொருக்காகத் துரு. அதன் மேலேயே புது டிஸ்க்கை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் துடைக்கிற வேலை, கால் மணி நேரம் ஆகாது. 3,000 ரூபாய் லேபர் வாங்கியவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

அடுத்து அந்தக் காலிப்பர். ஓவர்ஹால் என்றால் பிஸ்டனைக் கழற்றி ரப்பர் சீல், டஸ்ட் பூட் (தூசி புகாமல் காக்கும் ரப்பர் உறை) எல்லாம் புதுசு போடணும், ஸ்லைடர் பின்னை (காலிப்பர் நகர உதவும் கம்பி) துடைத்து அதற்கென்று உள்ள கிரீஸ் வைக்கணும். இடது பக்க டஸ்ட் பூட் வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் பழைய செம்மண். ஸ்லைடர் பின் காய்ந்து காப்பி நிறமாகி, கையால் இழுத்தால் நகரவில்லை. பெரியவர் அதை என் உள்ளங்கையில் வைத்து, "இதுக்கா 4,800 கொடுத்தீங்க?" என்று கேட்டார். அந்தப் பின்னை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

பிறகு டிஸ்க்கைத் திரும்பப் பூட்டி டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துச் சுற்றினார். 0.14 மில்லிமீட்டர் ஆட்டம். 0.05-ஐத் தாண்டினாலே பெரும்பாலான கார்களுக்கு அதிகம் என்றார். "டிஸ்க் வளைஞ்சிருச்சு"ன்னு சொன்னாங்களே என்றேன். முக்கால்வாசி வண்டியில் டிஸ்க் வளைவதே இல்லை என்றார். டிஸ்க் வார்ப்பு இரும்பு, லேசில் வளையாது. கோணலாக உட்கார்ந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசிக்கொண்டு போகிறது. பிரேக் அமுக்காதபோதும் உரசுகிறது. அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலிகிறது. ஸ்லைடர் பின் இறுகிப் போயிருந்தால் பேட் விலகவே விலகாது, சூடு ஏறி, பேடின் மசாலா டிஸ்க்கில் திட்டுத் திட்டாக அப்பிக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கும் இன்னொரு பக்கத்துக்கும் தடிமனில் தலைமுடியைவிடக் குறைவான வித்தியாசம் வந்தாலே பெடல் துடிக்கும். அப்படியானால் என் பழைய டிஸ்க்கைக்கூட ஒருவேளை லேத்தில் லேசாகக் கடைந்தே சரிசெய்திருக்கலாம். ஓரத்துப் பள்ளம் ஓடிய எல்லா டிஸ்க்கிலும் இருக்கும், மாற்றணுமா என்பதை அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். அதன் குறைந்தபட்சத் தடிமனை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அந்தப் பையன் அளக்கவில்லை, நகத்தை வைத்துக் காட்டினான். பழைய டிஸ்க்கைத் திருப்பியும் தரவில்லை.

பெரியவர் ஹப்பைத் தேய்த்து, டஸ்ட் பூட்டும் ஸ்லைடர் பின்னும் மாற்றி, டிஸ்க்கைக் கடைந்து போட்டு வாங்கியது 1,900 ரூபாய். 18,400 எங்கே, 1,900 எங்கே. திரும்பி வரும்போது டோல்கேட்டில் ஸ்டீயரிங் அசையவில்லை.

எப்படி ஏமாறாமல் இருப்பது என்று விரிவாக எழுதணும் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது பொறுமை இல்லை, அவசரத்துக்கு இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் மாற்றணும் என்றால் எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது, எத்தனை இருக்கணும் என்று கேளுங்கள். ஹப்பைத் துடைத்த பிறகு ஒரு போட்டோ கேளுங்கள். பழைய பாகங்களையும் புதுசின் அட்டைப் பெட்டியையும் வாங்காமல் முழுப் பணத்தையும் அனுப்பாதீர்கள். புது பேட் போட்டதும் காலியான ரோட்டில் அறுபதிலிருந்து மிதமாகப் பல தடவை வேகத்தைக் குறைத்து, நடுவில் ஆறவிட்டுப் பழக்குங்கள், இதை எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. மலை இறங்கி டிஸ்க் சூடாக இருக்கும்போது பெடலை அமுக்கிப் பிடித்தபடி நிற்காதீர்கள், உடனே தண்ணீர் அடித்துக் கழுவவும் விடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போகணும். இதே மாதிரி ஆப்பில் "காலிப்பர் ஓவர்ஹால்" என்று பில் வாங்கியவர்கள் இருந்தால் முதலில் சக்கரத்தைக் கழற்றி டஸ்ட் பூட்டைப் பாருங்கள். பில்லையும் சாட்டையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் மூடிய பிறகு என் ஆப்பில் பழைய சாட் தெரியவில்லை, முன்னாடியே எடுத்து வைத்ததுதான் இப்போது கையில் இருக்கிறது.