சிகரெட்ல இருந்து வேப்புக்கு மாறுறவங்களுக்கு: டிஸ்போசபிளா, ரீஃபில் பாட் கிட்டா, பெரிய மாடா?

11 வருஷமா தம் அடிச்ச ஆளு நான். கடைசி காலத்துல ஒரு நாளைக்கு 15, டென்ஷனான நாள்ல 20 தொட்டுரும். நிறுத்தணும்னு வேப்புக்கு, அதாவது இ-சிகரெட்டுக்கு, வந்தப்ப மூணு வகையும் கைக்கு வந்துட்டுப் போச்சு. முதல்ல டிஸ்போசபிள் (தீர்ந்தா தூக்கிப் போடற வகை), அப்புறம் நண்பன் ஒருத்தன் "நான் யூஸ் பண்றதில்ல, நீ வச்சுக்கோ"ன்னு குடுத்த பெரிய மாட் (பெரிய பேட்டரி போட்ட, நிறையப் புகை விடற வேப்), கடைசியா ரீஃபில் பண்ற சின்ன பாட் கிட் (பாட்னா லிக்விட் நிக்கற குட்டி டப்பா). இப்ப ஒன்றரை வருஷமா அந்த பாட் கிட்தான். அதனால இத நடுநிலையான அலசல்னு நினைச்சுப் படிக்காதீங்க, நான் ஏற்கனவே ஒரு பக்கம் சாஞ்சுட்டேன், ஏன் சாஞ்சேன்னுதான் சொல்லப் போறேன்.

ரெண்டு விஷயம் மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். தம்மே அடிக்காத ஆளு யாராவது இதைப் படிச்சிட்டிருந்தா இது உங்களுக்கு இல்ல, சும்மா இருக்கற உடம்புக்கு நிக்கோட்டினைப் பழக்கிவிடாதீங்க. ரெண்டாவது சட்டம். இந்தியாவுல 2019ல இருந்து வேப் விற்கவே கூடாது, சிங்கப்பூர்ல 2018ல இருந்து கையில வச்சிருந்தாலே குத்தம், பிரிட்டன்ல 2025 ஜூன்ல இருந்து டிஸ்போசபிளுக்கு மட்டும் தடை. உங்க நாட்டுல அனுமதி இல்லன்னா திருட்டுத்தனமா வாங்கற வேலை வேண்டாம். 2019ல அமெரிக்காவுல நுரையீரல் கெட்டுப்போய் நிறைய பேர் ஆஸ்பத்திரில சேர்ந்தாங்கல்ல, அதுல பெரும்பாலும் சிக்கினது வைட்டமின் ஈ அசிடேட் கலந்த கள்ளக் கஞ்சா எண்ணெய் கார்ட்ரிட்ஜ்தான். உள்ள என்ன இருக்குன்னு தெரியாத சரக்கை நுரையீரலுக்குள்ள இழுக்கறது அவ்வளவு ரிஸ்க்.

சிகரெட்டா வேப்பாங்கற கேள்விய இழுக்கப் போறதில்ல. சிகரெட் எரியுது, இழுக்கும்போது நுனி 900 டிகிரி பக்கம் போகும், தாரும் கார்பன் மோனாக்சைடும் அந்த எரியறதுலதான் வருது. வேப்ல எரியறது கிடையாது, காயில்ங்கற சின்னக் கம்பிச்சுருள் சூடாகி லிக்விட்டை ஆவியாக்குது. அந்த லிக்விட்ல இருக்கறது பிஜி (புரோபிலீன் கிளைகோல்), விஜி (வெஜிடபிள் கிளிசரின்), ஃப்ளேவர், நிக்கோட்டின். பாதிப்பே இல்லன்னு சொல்ல வரல, தம்மோட ஒப்பிட்டா குறைவு, அவ்வளவுதான். மாறினா முழுசா மாறணும். வேப்பும் வச்சுக்கிட்டு தினம் ஒரு சிகரெட் மட்டும்னு மனசைத் தேத்திக்கறவங்களுக்கு ஒரு கசப்பான தகவல், தினம் ஒண்ணு அடிச்சாலே இதய நோய் வர்ற கூடுதல் ஆபத்து, 20 அடிக்கறவங்களுக்கு இருக்கறதுல பாதிக்குப் பக்கத்துல வந்துடுதுன்னு 2018ல ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. 20ல ஒரு பங்குன்னுதான் நானும் கணக்கு போட்டு வச்சிருந்தேன்.

சரி, டிஸ்போசபிள். பிரிச்சு வாயில வச்சு இழுத்தா முடிஞ்சுது, கத்துக்க ஒண்ணுமே இல்ல. முதல் வாரம் 15ல இருந்து 2 சிகரெட்டுக்கு வந்துட்டேன், அந்தப் பெருமைய அதுக்குக் குடுத்தே ஆகணும். பிரச்சனை ரெண்டாவது வாரம்தான் தெரிஞ்சுது. சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருக்கு பாருங்க, பஞ்சு வரைக்கும் வந்தா அணைச்சுத்தான் ஆகணும், அடுத்தது பத்த வைக்கணும்னா எழுந்து வெளிய போகணும். இதுக்கு முடிவே இல்ல, படுக்கையில படுத்துக்கிட்டு ஃபோன் பார்த்துக்கிட்டே இழுத்துட்டிருந்தேன், எத்தனை இழுப்புன்னு கேட்டா தெரியாது, உள்ள எவ்வளவு மிச்சம்னும் தெரியாது. பவரும், அதாவது நிக்கோட்டின் அளவும், ஃபேக்டரில என்ன போட்டாங்களோ அதேதான், பெரும்பாலும் மில்லிக்கு 20 மில்லிகிராம், சில நாட்டுல 50. நடுவுல நாம மாத்தறதுக்கு ஒண்ணுமில்ல. தீர்ந்தா நல்ல லித்தியம் பேட்டரியோட சேர்த்து குப்பைல போடணும், அதுவும் மனசுக்கு ஒப்பல.

லிக்விட் நிரப்பியே வர்ற பாட்களும் இருக்கு, தீர்ந்தா பாடை மட்டும் மாத்தணும். அது நான் ரெண்டு வாரம்தான் இரவல் வாங்கிப் பார்த்தேன், அதனால ரொம்பப் பேச மாட்டேன். டிஸ்போசபிளைவிட குப்பை கம்மி, சுத்தமா இருக்கு, ஆனா பவர்ல ரெண்டு மூணு நம்பர்தான் கிடைக்கும், நமக்கு வேணும்கற நம்பர் அதுல இருந்தா அதிர்ஷ்டம்.

பெரிய மாட் கதை கொஞ்சம் கேவலம். கையில செங்கல் மாதிரி ஒண்ணு, உள்ள 18650ங்கற உருளை லித்தியம் பேட்டரி ரெண்டு, ஸ்க்ரீன்ல வாட் எல்லாம் காட்டும், புகை விட்டா எதிர்ல இருக்கற ஆளு காணாமப் போயிடுவான். எனக்கு யாரும் சொல்லல, மாட்ல 3 இல்லன்னா 6 பவர் லிக்விட்தான் போடணும்னு. கையில இருந்த 20 பவர் சால்ட் லிக்விட்டை (சால்ட்ங்கறது தொண்டையில அவ்வளவா உறுத்தாத நிக்கோட்டின் வகை) ஊத்தி நாலு இழுப்பு இழுத்தேன். அஞ்சாவது இழுக்க முடியல, தலை சுத்தி, வாயெல்லாம் எச்சில் ஊறி, குமட்டிக்கிட்டு அரை மணி நேரம் தரையில உக்காந்திருந்தேன். அது மாடோட தப்பு இல்ல, ஒவ்வொரு இழுப்புலயும் பாட் கிட்டைவிட பல மடங்கு லிக்விட் ஆவியாகும், அதனால பவர் குறைச்சலாத்தான் இருக்கணும். ஆனா சரியான லிக்விட் போட்ட பிறகும் எனக்கு செட் ஆகல, ஏன்னா தம் அடிக்கறவன் முதல்ல வாய்க்குள்ள இழுத்து அப்புறம்தான் உள்ள விடுவான், மாட் நேரா நுரையீரலுக்கே போற மாதிரி திறந்த இழுப்பு. இருமல் நிக்கல. மொத்தமா மூணு வாரம்தான் ஓட்டினேன், பழகினவங்களுக்கு அது சொர்க்கமா இருக்கலாம், சிகரெட்ல இருந்து அன்னைக்குத்தான் வந்த ஆளுக்கு வேண்டாம்னு மட்டும் தைரியமா சொல்வேன். அந்த பேட்டரியச் சாவியோட சேர்த்துப் பாக்கெட்ல சும்மா போட்டு வைக்கவே கூடாது, ஷார்ட் ஆச்சுன்னா தொடை வெந்துரும்.

இப்ப ரீஃபில் பாட் கிட். விரல் நீளத்துல ஒரு கருவி, மேல 2 மில்லி பிடிக்கற ஒரு பாட், லிக்விட்டை நாமளே பாட்டில்ல இருந்து ஊத்திக்கணும். இழுப்பு இறுக்கமா சிகரெட் மாதிரியே இருக்கும், 0.8ல இருந்து 1.2 ஓம் வரைக்கும் இருக்கற காயில் பார்த்து வாங்கினா போதும். லிக்விட் பிஜி விஜி பாதிக்குப் பாதி, ரொம்பக் கெட்டியான விஜி ஜூஸ் ஊத்தினா காயிலுக்குள்ள இருக்கற பஞ்சு உறிஞ்சாம கருகிடும். புதுக் காயில் போட்டா ஊத்தின உடனே இழுக்காதீங்க, 10 நிமிஷம் ஊற விடுங்க, அந்த 10 நிமிஷம் பொறுக்காம ரெண்டு காயிலை முதல் நாளே கருக்கினவன் சொல்றேன். இன்னொண்ணு, சிகரெட் மாதிரி வேகமா உறிஞ்சக் கூடாது, உறிஞ்சினா லிக்விட்டே வாய்க்கு வந்துரும். மெதுவா 3, 4 செகண்ட். பாடுக்கு அடியில ஈரம் சேரும், அப்பப்ப துடைச்சுக்கணும். ரொம்ப ஸ்வீட்டான ஃப்ளேவர்னா காயில்ல கரி சீக்கிரம் படியும், எனக்கு இனிப்பு ஜூஸ்ல ஒரு வாரம், சாதாப் புகையிலை ஃப்ளேவர்ல ரெண்டு வாரம் வருது. வாய் வறண்டு போகும், தண்ணி குடிச்சுக்கிட்டே இருங்க.

இவ்வளவு தொல்லை இருக்கே, பின்ன எதுக்குடா இதுக்கு சாஞ்சேன்னு கேப்பீங்க. ஃப்ளேவர் இல்ல, புகை இல்ல, செலவுகூட இல்ல. நம்பரை நம்ம கையில குடுக்குது, அதுக்குத்தான்.

நான் முதல்ல பண்ண தப்பைச் சொன்னா புரியும். பாட் கிட் வாங்கி 20ல ஒரு மாசம் நல்லா ஓடுச்சு, சிகரெட் சுத்தமா நின்னுச்சு. உடனே நமக்கு வீரம் வந்துருச்சு, நேரா 6க்கு இறங்கினேன். பாட்டில்ல 6ன்னு போட்டிருக்கு, 70 சதவீதம் குறைச்சுட்டோம்னு நினைப்பு. ஆனா 20ல தினம் 2 மில்லி போயிட்டிருந்த ஆளு இப்ப 5 மில்லி ஊத்திட்டிருக்கேன். கணக்கு போடுங்க, 20 பெருக்கல் 2, அப்ப 40 மில்லிகிராம். 6 பெருக்கல் 5, அப்ப 30. இதுல இருக்கறது அத்தனையும் ரத்தத்துல போய்ச் சேராது, அது வேற, ஆனா ஒப்பிட்டுப் பார்க்க இந்தக் கணக்கு போதும். பாட்டில்ல 70 சதவீதம் இறங்கினவன் உடம்புல கால் பங்குதான் இறங்கியிருக்கேன், அதுக்கு நாள் முழுக்க விடாம இழுத்து, காயிலும் 4 நாள்ல கருகிப்போய், எரிச்சல் தாங்காம 10 நாள்ல 3 சிகரெட்டும் அடிச்சாச்சு. மூளை தனக்கு வேண்டியதை எப்படியாவது வாங்கிக்கும், நாம பவரைக் குறைச்சா அது இழுப்பைக் கூட்டிக்கும்.

அதுக்கப்புறம்தான் பாட்டில் நம்பரை விட்டுட்டு, நம்பர் பெருக்கல் மில்லி பார்க்க ஆரம்பிச்சேன். திரும்ப 20க்கு ஏறினேன், வெட்கமே இல்லாம. 3 மாசம் ஆனதும் 20ல ஒரு பாட்டிலும் 10ல ஒரு பாட்டிலும் வாங்கி பாதிக்குப் பாதி கலந்தேன், 15 ஆச்சு. 15ல முதல் வாரம் 2.5 மில்லி போச்சு, ரெண்டு மூணு வாரத்துல தானா 2க்கு வந்துருச்சு. அதுதான் சிக்னல். பழைய மில்லிக்கே திரும்ப வந்துட்டோம்னா உடம்பு புது நம்பருக்குப் பழகிருச்சு, அடுத்த படி இறங்கலாம். வரலன்னா அங்கயே நில்லுங்க. அப்புறம் 10, அதுக்கப்புறம் 6. 6க்கு வந்தப்ப சால்ட்டை விட்டுட்டு ஃப்ரீபேஸ்ங்கற இன்னொரு நிக்கோட்டின் வகைக்கு மாத்தினேன், அது தொண்டையில கொஞ்சம் பிடிக்கும், குறைஞ்ச பவர்லயும் இழுத்த திருப்தி கிடைச்சுது. இதை டிஸ்போசபிள்ல செய்யவே முடியாது, 15ன்னு ஒண்ணு கிடைக்காது, ஒரு நாளைக்கு எத்தனை மில்லி போச்சுன்னு தெரியவும் தெரியாது.

இன்னும் ஒண்ணு, குறைக்கறது தானா நடக்கும்னு நினைக்காதீங்க. பிரிட்டன்ல 886 பேரை வச்சு ஒரு சோதனை, 2019ல முடிவு வெளியாச்சு. வேப் குடுத்த குழுவுல ஒரு வருஷம் கழிச்சு 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தாங்க, தோல்ல ஒட்டற பேட்ச், மெல்லற கம் மாதிரி நிக்கோட்டின் மருந்து வாங்கின குழுவுல 9.9. அவங்களுக்குக் குடுத்ததும் ரீஃபில் பண்ற கருவியும் 18 பவர்ல ஒரு பாட்டிலும்தான், அதைப் படிச்சப்ப எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். ஆனா அதுலயே அடுத்த வரி, வேப் வச்சு விட்டவங்கள்ல 80 சதவீதம் பேர் அந்த ஒரு வருஷக் கடைசிலயும் வேப் இழுத்துட்டுத்தான் இருந்தாங்க, இன்னொரு பக்கம் மருந்து வச்சு விட்டவங்கள்ல 9 சதவீதம்தான் இன்னும் மருந்துல இருந்தாங்க. அதனால பேட்சை நான் மட்டமா பேச மாட்டேன். 21, 14, 7 மில்லிகிராம்னு படிப்படியா இறங்கற ஏற்பாடு அதுலயே இருக்கு, வேப் தடையான நாட்டுல இருக்கறவங்க யோசிக்காம அந்தப் பக்கம் போங்க. எனக்கு பேட்ச்ல கை சும்மா இருக்க மாட்டேன்னுது, கம்மை சூயிங்கம் மாதிரி விடாம மென்னு விக்கல் வாங்கினேன். கொஞ்சம் மென்னுட்டு கன்னத்துல ஒதுக்கி வைக்கணும்னு அப்புறமாத்தான் தெரிஞ்சுது. ஒழுங்கா பண்ணியிருந்தா கதை வேற மாதிரி போயிருக்கலாம்.

ஆரம்ப நம்பர் எதுன்னு கேட்டா, எழுந்து அரை மணி நேரத்துக்குள்ள முதல் சிகரெட் பத்த வைக்கற ஆளா இருந்தா 20ல ஆரம்பிங்க, கெத்துக்காகக் குறைச்சு ஆரம்பிச்சா சிகரெட்டுக்கே திரும்பிடுவீங்க. நாளைக்கு 5, 6 அடிக்கறவங்களுக்கு 10 போதும்னு நினைக்கறேன், நான் அந்த ரகம் இல்ல, பார்த்தவங்களை வச்சு சொல்றதுதான். தலை சுத்துனா, குமட்டுனா அன்னைக்கு ஓவர், கீழ வைங்க. கடுகடுன்னு எரிஞ்சு விழுந்தீங்கன்னா பத்தலன்னு அர்த்தம். முதல் 3 நாள்தான் உச்சம், அதைத் தாண்டுங்க. வீட்ல குழந்தைங்க இருந்தா பாட்டிலைப் பூட்டி வைங்க, பழ வாசனையோட இருந்தாலும் அது விஷம்தான்.

வாங்கும்போது ஒரு கிட், உதிரி காயில் ரெண்டு, 20ல ஒரு பாட்டில், 10ல ஒரு பாட்டில், இவ்வளவுதான் லிஸ்ட். நான் இப்ப 3ல இருக்கேன், நாளைக்கு 2 மில்லி, அதாவது 6 மில்லிகிராம். 0 பாட்டில் ஒண்ணும் வாங்கி வச்சு ரெண்டு மாசம் ஆச்சு, சீல் இன்னும் உடைக்கல.