பீச் முதல் வேளச்சேரி வரை: பறக்கும் ரயிலில் ஒரு முழுச் சுற்று

சென்னைக்கு வந்தால் விடுமுறையில் பாதி கார் சீட்டிலேயே போய்விடுகிறது. ஒரு கல்யாண வீடு, ஒரு துக்க வீடு, நடுவில் அண்ணா சாலை நெரிசல். 2025 பொங்கலுக்கு வந்தபோது, பெரும்பாலும் தூண்களின் மேல் ஓடும் நகர ரயிலான பறக்கும் ரயிலில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். முந்தைய வருகையில் அது முடியவில்லை. பீச் ஸ்டேஷனுக்கும் எழும்பூருக்கும் இடையே நான்காவது தண்டவாளம் போடுவதற்காக 2023 ஆகஸ்டில் பீச் - சிந்தாதிரிப்பேட்டை பகுதியை மூடிவிட்டார்கள். ஏழு மாத வேலை என்றார்கள். 14 மாதம் ஆயிற்று. 2024 அக்டோபர் கடைசியில்தான் ரயில் மறுபடி பீச்சைத் தொட்டது.

"அந்த ரயில்ல யாரு சித்தப்பா போவாங்க? நான் கார் புக் பண்றேன்" என்றான் அண்ணன் மகன். அவனையும் இழுத்துக்கொண்டு போனேன். அதில் கொஞ்சம் சுயநலமும் உண்டு. இப்போது ஊரில் பூக்கடை முதல் இளநீர்க்கடை வரை எல்லோரும் போனில்தான் காசு வாங்குகிறார்கள். சிங்கப்பூர் நம்பரோடு சுற்றும் நான் பத்து ரூபாய் நோட்டுக் கட்டோடு அலைகிறேன். ரயில் கவுன்ட்டரில் அந்தக் கவலை இல்லை. நோட்டை நீட்டினால் டிக்கெட், அவ்வளவுதான். சில்லறையாகக் கொடுத்தால் உள்ளே இருப்பவர் முகமும் மலரும். பீச்சிலிருந்து வேளச்சேரி வரை கட்டணம் பத்து ரூபாயைத் தாண்டாது. சிங்கப்பூரில் ஒரே ஒரு நிறுத்தத்துக்குக் கொடுக்கும் காசில் இங்கே சில நாள் வேலைக்குப் போய்வரலாம்.

பீச்சில் ஏறினால் முதலில் தாம்பரம் ரயிலோடு சேர்ந்து தரையில்தான் ஓடுகிறது. கோட்டை, பூங்கா நகர் தாண்டிய பிறகுதான் மேலே ஏறுகிறது. காலை நெரிசல் முடிந்த நேரம் என்பதால் ஜன்னல் ஓரமே கிடைத்தது. இடது பக்கம் உட்காருங்கள். கூவத்தைக் கடந்து சேப்பாக்கம் வந்ததும் கிரிக்கெட் மைதானம் ஜன்னலை ஒட்டி நிற்கும். இந்தப் பாதை மொத்தமாக வந்ததில்லை. 1995-ல் சேப்பாக்கம் வரை, 1997-ல் திருமயிலை (மயிலாப்பூர்) வரை, 2004-ல் திருவான்மியூர் வரை, 2007 நவம்பரில் வேளச்சேரி வரை என்று தவணை முறையில் வந்தது. நான் கல்லூரியில் படித்த காலத்தில் மயிலாப்பூர்தான் கடைசி ஸ்டேஷன்.

ரயிலுக்கு அடியில் இருப்பது பக்கிங்காம் கால்வாய். இப்போது பார்த்தால் கறுப்புத் தண்ணீரும் ஆகாயத் தாமரையும்தான். ஆனால் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்தத் துண்டு, 1877-78 பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக வெட்டப்பட்டது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரையே கால்வாய்க்கு வைத்தார்கள். உப்பும் விறகும் ஏற்றிக்கொண்டு படகுகள் போன வழி. நூறு வருடம் கழித்து ரயிலுக்கு இடம் தேடியவர்களுக்கு, நகரின் நடுவே வீடுகளை அதிகம் இடிக்காமல் கிடைத்த நீளமான அரசு நிலம் இதுதான். அதனால் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டுவிட்டார்கள். அதற்கு எதிர்ப்பும் வந்தது, நியாயமான எதிர்ப்புதான். கால்வாய் குறுகிப்போனதைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் பயணிக்கு இதில் ஒரு லாபம் உண்டு. சாலையில் போகும்போது ஊர் தன் முகப்பைக் காட்டும். இங்கே அது முதுகைக் காட்டுகிறது. மொட்டை மாடியில் காயும் வடகம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புறாக்கூண்டு, திருவல்லிக்கேணிப் பக்கம் நெருக்கியடித்த ஓட்டு வீடுகள்.

எங்களுக்கு எதிரில் ஓர் அம்மா பூ கட்டிக்கொண்டு வந்தார். மடியில் ஈரத்துணி, அதற்குள் மல்லி மொக்கு, விரலிடுக்கில் வாழைநார். ரயில் குலுங்கும்போது கை நிற்கும், குலுக்கல் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து ஓடும். பக்கத்து சீட்டுப் பெண், "அக்கா, ரெண்டு முழம் குடுங்க" என்றார். "நான் மயிலாப்பூர்ல எறங்கிடுவேன்மா. அதுக்குள்ள கட்டி முடிச்சா தரேன்." கலங்கரை விளக்கம், முண்டகக்கண்ணியம்மன் கோயில் என்று நிறுத்தங்கள் போகப் போக, பூவுக்குக் காத்திருந்த பெண்ணை விட நாங்கள்தான் பதற்றமாக இருந்தோம். முண்டகக்கண்ணியம்மன் தாண்டியதும் முழங்கையில் அளந்து அறுத்துக் கொடுத்துவிட்டார். ஒரு முழம் கொசுறும் விழுந்தது.

திருமயிலையில் கூட்டம் இறங்கியது. கீழே இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கான வேலை நடந்துகொண்டிருந்தது. மாதவரம் - சிறுசேரி பாதையும் கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி பாதையும் இங்கேதான் சந்திக்கப்போகின்றன. அந்தத் தகரத் தடுப்புகளைச் சுற்றிக்கொண்டுதான் கபாலி கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது.

இந்தப் பாதையில் எனக்குப் புரியாத புதிர் ஸ்டேஷன்கள்தான். ஒவ்வொன்றும் அரண்மனை மாதிரி. மேல்தளங்களைக் கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் வாடகைக்கு விட்டு வருமானம் பார்க்கலாம் என்று கட்டினார்கள். பெரும்பாலும் காலியாகவே கிடக்கின்றன. பகலிலேயே அரை இருட்டு. டிக்கெட் கவுன்ட்டரிலிருந்து பிளாட்பாரத்துக்கு ஏறும் தூரம் இளைஞர்களுக்கே மூச்சு வாங்கும். முட்டிவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போவதானால் லிஃப்டையும் எஸ்கலேட்டரையும் மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் பெண்கள் தனியாக இந்தப் படிகளில் இறங்கத் தயங்குவதில் ஆச்சரியமே இல்லை. இத்தனை பெரிய கட்டடத்துக்குச் செலவழித்ததில் கொஞ்சத்தை விளக்குக்கும், வாசலில் ஒரு பஸ் நிறுத்தத்துக்கும் ஒதுக்கியிருக்கலாம்.

கிரீன்வேஸ் சாலைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவே அடையாறு. அகலமான ஆறு, திறந்த கதவு, முகத்தில் அடிக்கும் காற்று. கதவு மூடாத ரயில் எனக்கு இப்போது பழக்கமில்லாததால் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் மகன் வாசலில் சாய்ந்துகொண்டு ரீல்ஸ் எடுத்தான். அதட்டியபிறகுதான் உள்ளே வந்தான்.

திருவான்மியூரில் ரயிலின் முகமே மாறிவிடுகிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஐடி ஆட்கள் டைடல் பார்க் பக்கம் இறங்கிப் போகிறார்கள். தரமணி, பெருங்குடி சட்டென்று கடந்துவிடும். வேளச்சேரியில் இறங்கியபோது ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. அதே தூரத்தை முந்தின நாள் மாலை காரில் கடந்தபோது இரண்டு போன் கால், ஒரு தூக்கம் முடிந்திருந்தது.

ஆனால் மிச்சம் பிடித்த நேரமும் காசும் ஸ்டேஷன் வாசலில் கரைந்தன. உறவினர் வீடு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. அங்கு நின்ற ஆட்டோக்காரர் கேட்டது 150 ரூபாய். பேரம் பேசி 100. அதாவது 19 கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய்க்குள், மீதி இரண்டுக்கு நூறு. செயலியில் புக் செய்தால் கொஞ்சம் குறையும், எனக்கு அதற்கு அண்ணன் மகன் வேண்டும். இந்த ரயிலைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் ஓட்டத்தில் குறை சொல்ல மாட்டார்கள். இறங்கியபிறகு எப்படிப் போவது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னால் ஜன்னல் ஓரத்தை மறந்துவிடுங்கள். கையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூரில் இறங்கி ஒரு டிபன் சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பது என் சிபாரிசு.

வேளச்சேரி ஸ்டேஷனைத் தாண்டியும் தூண்கள் போகின்றன. பரங்கிமலை வரையிலான அந்த 5 கிலோமீட்டர் வேலை 2008-ல் தொடங்கியது. ஆதம்பாக்கம் அருகே அரை கிலோமீட்டர் நிலத்துக்காக வருடக்கணக்கில் இழுத்தது. நான் போனபோது அது முடிந்திருக்கவில்லை. அந்தப் பாதையில் ரயில் ஓடினால் விமான நிலையத்தில் மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறி, பரங்கிமலையில் இதே ரயிலைப் பிடித்து நேராக மயிலாப்பூர் வந்துவிடலாம். ஒரு பெட்டியோடு வந்தால் நான் அப்படித்தான் வருவேன். "ரெண்டு பெட்டியும் நாலு கிலோ மிட்டாயும் தூக்கிட்டு வர உங்களுக்கு அதெல்லாம் சரிவராது சித்தப்பா" என்கிறான் அண்ணன் மகன்.