வைட்டமின் பி12-க்கு எது: இட்லி மாவா, சுருள்பாசியா, பாலா?

டிசம்பர் குளிரில் குன்னூரில் மாவு பொங்குவது பெரும்பாடு. கம்பளி சுற்றி அடுப்போரம் வைத்தாலும் காலையில் திறந்தால் நாலு குமிழிதான். எங்களுடையது சைவ வீடு; இந்தப் புளித்த மாவே பி12 தந்துவிடும் என்று நம்பியிருந்தோம். அம்மாவுக்குப் பாதம் மரத்துப்போய், ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவு என்று வந்த பிறகுதான் விசாரிக்க ஆரம்பித்தேன்.

மாவைப் பொங்கவைக்கும் லுக்கோனோஸ்டாக் பாக்டீரியாவுக்கு பி12 செய்யத் தெரியாது. புளிப்பதால் போலேட், பி2 என்ற வேறு இரண்டு வைட்டமின்கள் கூடலாம். சரி, அதற்காகச் சாப்பிடலாம்.

பி12 தரும் என்று விற்கும் சுருள்பாசி (ஸ்பைருலினா) மாத்திரை மேல்தான் எனக்குக் கோபம். பி12 மூலக்கூறின் நடுவில் ஒரு கோபால்ட் அணு, அதன் அடியில் ஒரு துண்டு. விஷயமே அந்த அடித்துண்டில்தான் இருக்கிறது. சில பாக்டீரியாக்கள் அதைச் செய்யும் விதம் வியக்கவைக்கும்: பி2-விலிருந்து வரும் எஃப்எம்என் மூலக்கூறை ப்ளூபி என்ற நொதி உடைத்து, டைமெத்தில்பென்சிமிடசோல் ஆக்குகிறது; அதுதான் அசல் பி12-இன் அடித்துண்டு. ஒரு வைட்டமினை அறுத்து இன்னொரு வைட்டமினுக்கு உறுப்பு செய்கிற வேலை! சுருள்பாசியிலோ அந்த இடத்தில் பெரும்பாலும் அடினைன் என்ற வேறொரு துண்டு உட்கார்ந்திருக்கிறது. அது போலி பி12. பி12-ஐப் பிடித்துக் குடலுக்குள் சேர்க்கும் நம் இரைப்பைப் புரதம் இதைச் சரியாகப் பிடிக்காது. பாக்டீரியாவை வளர்த்து அளக்கும் பழைய சோதனை இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக்கூடும் என்பதால், டப்பாவில் உள்ள எண்ணை நம்பி வாங்காதீர்கள்.

பால் வேறு கதை. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் தீவனத்துக் கோபால்ட்டைக் கொண்டு பி12 செய்கின்றன. அசலானது பாலில் இறங்குகிறது. இந்த மலையில் தோடர்கள் பெரும்பாலும் இறைச்சி இல்லாமல் எருமைப் பால், மோர், நெய்யோடு வாழ்ந்தவர்கள். ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய 0.8 மைக்ரோகிராம், ஒரு நாளைக்கு வேண்டியது 2-க்குச் சற்று மேல். மூன்று டம்ளர் குடிக்க முடிந்தால் போதும். தயிராக உறைந்தால் கொஞ்சம் குறையலாம்.

ஏற்கெனவே குறைந்துபோனவர்களுக்குப் பால் மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அதுவும் தொட்டியில் பாக்டீரியா வளர்த்து எடுப்பதுதான். கெடாமலிருக்க சயனைடு சேர்த்து சயனோகோபாலமின் ஆக்குகிறார்கள். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அவ்வளவு சிறிய அளவை உடல் எளிதாக வெளியேற்றிவிடும்.

பிரிட்டிஷ் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் 1918-இல் பெரிபெரி (பி1 வைட்டமின் குறைவால் வரும் நோய்) ஆய்வைத் தொடங்கியது இதே குன்னூரில்தான். ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. அப்படிப்பட்ட ஊரிலிருந்துகொண்டு இத்தனை வருடம் தப்புக்கணக்கு போட்டிருக்கிறோமே என்பதுதான் எனக்கு வருத்தம். இப்போது அம்மாவுக்கு மாத்திரையும் உண்டு, காலையில் ஒரு டம்ளர் பாலும் உண்டு. மாவுக்குக் கம்பளி சுற்றுவதை மட்டும் அவர் விடவில்லை.