ரஷ்யனும் கிளாசிக்ஸும் சேர்த்துப் படிச்ச அனுபவம்

இங்கிலாந்துல ஒரு யுனிவர்சிட்டில ரஷ்யனும் கிளாசிக்ஸும் (அதாவது பழைய கிரேக்கம், லத்தீன் மொழியும் இலக்கியமும்) சேர்த்து டிகிரி முடிச்சேன், யாராவது யோசிச்சிட்டிருந்தா தைரியமா சேரலாம். கிரேக்கம் தெரிஞ்சா ரஷ்யன் எழுத்துல பாதி பயம் போயிடும், காமா, பை, ஃபை எல்லாம் கொஞ்சம் உருமாறி அங்கேயே உக்காந்திருக்கும். சீசர்ங்கற ரோமானியப் பேருதான் தேஞ்சு ரஷ்ய மன்னர்களோட பட்டமான ஜார்னு ஆச்சுன்னு கிளாஸ்ல சொன்னப்போ எனக்கு சிலிர்த்துடுச்சு, ரோமும் மாஸ்கோவும் ஒரே கதையா தெரிய ஆரம்பிச்சது அன்னிக்குதான்.

ரஷ்யன்ல ஆறு வேற்றுமை, லத்தீன்லயும் கிட்டத்தட்ட அதே கணக்கு, ஸ்கூல்ல எட்டு வேற்றுமை மனப்பாடம் பண்ண நமக்கு அது பெரிய விஷயமே இல்ல, ஆனா ரஷ்யன் வினைச்சொல் ஜோடி ஜோடியா வரும், படிச்சிட்டிருந்தேன்னா ஒண்ணு, படிச்சு முடிச்சேன்னா வேற ஒண்ணு, அதுக்கு தினமும் உக்காரணும்.

குறைன்னா டைம்டேபிள். ரெண்டு டிபார்ட்மென்ட்டும் பேசிக்கவே மாட்டாங்க, ஒரு டேர்ம் முழுக்க கிரேக்க கிளாஸும் ரஷ்யன் பேச்சுப் பயிற்சியும் ஒரே நேரம். சேர்றதுக்கு முன்னாடி இதக் கேட்டுடுங்க.